எண்ணெய் தேய்த்துக்கொண்ட கார்

“என் கார்ல ஏறினா செருப்பை மட்டும் கழட்டிடாதீங்க” என்று முன் இருக்கையில் ஒருவர் சொன்னதும் நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அறுபதுகளின் தொடக்கம் அது. ஸ்ரீரங்கத்திலிருந்து திருச்சி சத்திரம் போகும் பஸ், காவிரிப் பாலத்தில் ஊர்ந்துகொண்டிருந்தது. சொன்னவர் வாடகைக் கார்க்காரர். பக்கத்தில் இருந்தவர் மெக்கானிக் என்பதைச் சட்டையில் இருந்த கிரீஸ் கறையே சொல்லியது.

“ஏங்க?”

“அடித் தகடு ஓட்டைங்க. நேத்து மாப்பிள்ளையோட செருப்பு ஒண்ணு ரோட்டுல விழுந்துடுச்சு. பொண்ணு வீட்டு வாசல்ல ஒத்தைச் செருப்போட இறங்கினார். இனிமே கல்யாண சவாரிக்கு யார் கூப்பிடுவாங்க?”

“துருதான். வண்டியை எங்கே கழுவறீங்க?”

“காவிரியிலதான். வெள்ளிக்கிழமை தவறாம மாடு குளிப்பாட்டுற துறையில இறக்கி, அடிவயிறு நனையற வரைக்கும் நிறுத்துவேன். எங்கப்பா எங்க மாட்டை அப்படித்தான் பாத்துக்கிட்டார்.”

“மாடு தண்ணியை உதறிடும். கார் உதறுமா? ஈரம் உள்ளேயே தங்கித் தகட்டைத் தின்னுடுங்க. முதல்ல ஓட்டையை அடைங்க. துருவைச் சுரண்டி, நல்லா காய வெச்சு, என்ஜின்ல இருந்து இறக்கின பழைய ஆயிலை அடி பூராவும் தடவுங்க. அப்புறம் துரு கிட்டவே வராது. நான் பொறுப்பு.”

கார்க்காரர் முகம் தெளிந்தது.

“இவ்வளவுதானே! சனிக்கிழமை காலையிலேயே தடவிடறேன். ஒரு மணி நேரம் நல்லா ஊறட்டும்.”

“ஊறினப்புறம்?”

“என்னங்க இப்படிக் கேக்கறீங்க? எண்ணெய் தேய்ச்சுட்டு யாராவது குளிப்பாட்டாம விடுவாங்களா? நேரா ஆத்துல இறக்கிடுவேன்.”