கெட்டில் க்வெண்டா செய்யாத பிழை

இந்த அஞ்சலிக் கூட்டத்துக்குத் தலைமையேற்றிருக்கும் போதகர் அவர்களே, மறைந்த க்வெண்டாவின் கணவர் அலுன் ப்ராஸர் அவர்களே, கார்டிஃப் பார்வையற்ற நேயர் மன்றத்துப் பெரியோர்களே, அவர்கள் காலடியில் படுத்திருக்கும் வழிகாட்டி நாய்களே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த வணக்கத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை செலுத்திவிட்டேன். மேடையேறியதும் முன்வரிசையைப் பார்த்துத் தலைதாழ்த்தி, கையும் அசைத்தேன். நாய்கள் மட்டும் பார்த்தன. "யாருப்பா மேல ஏறினது? வாயத் தொறக்கவே காணோம்?" என்று முன்வரிசையிலிருந்து ப்லாட்வென் அம்மையார் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. பார்வையற்றவர்களுக்குத் தொலைக்காட்சியைச் சொல்லால் காட்டும் தொழிலில் இருபத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் நான். என் லட்சணம் இது.

க்வெண்டா ப்ராஸர் இப்படியா இருந்தார்? எந்த அறைக்குள் வந்தாலும் "நான் க்வெண்டா, கதவுகிட்ட நிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பார்.

நாடகத்தில் ஒருவர் பேசி முடித்து இன்னொருவர் வாய் திறப்பதற்குள், திரையில் நடப்பதைச் சொல்லிவிட வேண்டும். நொடிக்கு இரண்டு சொல். வசனத்தின் மேல் ஒரு எழுத்துகூட விழக்கூடாது. அவரே எழுதினார், அவரே பேசினார். பள்ளிப் படிப்போடு நின்றுவிட்ட நான், அந்தக் குரலை நாடகத்தின் ஒலியோடு கலந்து கொடுத்தேன். "அவ சோகமா இருக்கான்னு எழுதிட்டுப் போக வேண்டியதுதானே?" என்று ஒருநாள் கேட்டேன். "அது உன் கருத்து, எம்லின். அவ கையுறையக் கழட்டி மறுபடி மாட்டுறா. அத மட்டும் சொல்லு. சோகத்த அவங்களே பாத்துக்குவாங்க." பதினான்கு கொலைத் தொடர்களை இந்த மன்றம் அவர் குரலில்தான் பார்த்தது. பார்த்தது என்றுதான் சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய நண்பர், அவருக்கு 'கெட்டில் க்வெண்டா' என்று பெயர் வாங்கிக் கொடுத்த கெட்டில் கதையைச் சொன்னார். நீங்கள் சிரித்தீர்கள். அலுனும் சிரித்தார். நானும் சிரித்தேன். பதினெட்டு வருடமாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கதையில் ஒரு பாதி மிச்சமிருக்கிறது.

ஒரு கொலைத் தொடரின் கடைசிப் பகுதி. கொலைகாரி சமையலறையில் வாக்குமூலம் கொடுக்கிறாள். அதன் மேல் க்வெண்டாவின் குரல் வந்து விழுந்தது: "அடுப்பில் கெட்டில். அதன் மூக்கிலிருந்து நீராவி எழுகிறது." அவர் குரல் வந்தால் நாடகத்தின் ஒலி தாழ்ந்துவிடும். ஆறு வாரம் காத்திருந்த உங்களுக்குக் கொலை செய்தது யாரென்று தெரியவில்லை. வெந்நீர் தயார் என்று மட்டும் தெரிந்தது.

யார் பிழை? க்வெண்டாவின் பிழை என்றது நிறுவனம். குரல் அவருடையது. ஒப்புதல் தாளில் கையெழுத்தும் அவருடையது.

நடந்தது இது. ஒளிபரப்புக்கு முந்தின நாள், அந்தப் பகுதியின் நடுவில் பன்னிரண்டு நொடியை வெட்டிவிட்டார்கள். அதற்குப் பின் வரும் விவரிப்பு முழுவதையும் பன்னிரண்டு நொடி முன்னால் நகர்த்த வேண்டியது என் வேலை. விளம்பர இடைவேளை வரை நகர்த்தினேன். மிச்சத்தை மறந்தேன். அதனால்தான் இடைவேளைக்குப் பின் அவர் குரல் பன்னிரண்டு நொடி பிந்தி, வாக்குமூலத்தின் மேல் வந்து விழுந்தது. மறதி யாருக்கும் வரும். அதைப் பிடிக்கத்தானே எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது? அனுப்பும் முன் ஒருவர் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கண்ணை மூடி, முதலிலிருந்து கடைசிவரை கேட்க வேண்டும். அன்று என் முறை. வீட்டில் இரட்டைக் குழந்தைகள், பிறந்து மூன்று வாரம். கண்ணை மூடினேன். தூங்கிவிட்டேன்.

க்வெண்டா வந்தார்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும். பிரமாதம்."

பிரமாதம் என்று வேறு சொன்னேன். அவர் கையெழுத்திட்டார்.

அறுபத்து மூன்று பேர் புகார் செய்தார்கள். க்வெண்டா நான்கு பிற்பகல்கள் உட்கார்ந்து, ஒவ்வொருவரையும் தொலைபேசியில் அழைத்தார். "மன்னிச்சுக்குங்க, நான் க்வெண்டா. கொலை பண்ணினது ரொட்டிக்கடைக்காரி." ப்லாட்வென் அம்மையார் என்ன சொன்னார்? "அப்படியா? நான் கெட்டில்தான்னு நெனச்சுட்டேன்." பக்கத்து மேசையில் இருந்த நான் என்ன செய்தேன்? அவருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். அதன் பிறகு நிறுவனம் அவருக்கு நாடகமே தரவில்லை. தோட்டக்கலை நிகழ்ச்சிகள் மட்டும். பதினெட்டு வருடம்.

அலுன் அவர்களே, உங்கள் மனைவி அந்தப் பிழையைச் செய்யவில்லை. நான் செய்தேன். பின்வரிசையில் என் இரட்டைப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களும் இப்போதுதான் கேட்கிறார்கள். அவர்களைக் காட்டி மன்னிப்பு வாங்க நான் வரவில்லை.

இந்தச் சபையின் முன் சொல்கிறேன். அந்த அறுபத்து மூன்று பேரில் இருப்பவர்களை நானே அழைப்பேன். எங்களிடம் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு அந்தக் கையுறையைச் சொல்லிக் கொடுப்பேன். நான் இருக்கும்வரை எந்த நாடகமும் முழுதாகக் கேட்கப்படாமல் எங்கள் கூடத்தை விட்டுப் போகாது. நின்றுகொண்டே கேட்பேன்.

போன மாதம் மருத்துவமனையில் அவரைப் பார்த்தேன். தொலைக்காட்சியில் தோட்ட நிகழ்ச்சி. அவரால் கண்ணைத் திறந்து வைத்திருக்க முடியவில்லை.

"நீ சொல்லு, எம்லின். என்ன நடக்குது?"

"அழகான ரோஜா..."

"அழகு உன் கருத்து."

"சிவப்பு ரோஜா. இலையில தண்ணி."

"ம்."

தோட்டக்காரர் பேச்சை நிறுத்தி மண்ணைக் கிளறினார். நல்ல இடைவெளி. ஆறு நொடி, பன்னிரண்டு சொல் கொள்ளும். க்வெண்டா முகத்தை என் பக்கம் திருப்பிக் காத்திருந்தார். எனக்கு வேண்டியிருந்தது மூன்றே சொல்.

"ஒத்தச் சக்கர வண்டி ஒண்ணு நிக்குது. பச்சைக் கலர்" என்றேன்.

அந்த மூன்று சொல் இவைதான்: க்வெண்டா, நான் தூங்கிட்டேன்.