பச்சைக் கோட்டுக்குக் கீழே

ஆர்லோ ஹௌகன் நல்ல மனிதர். பனி கொட்டிய காலைகளில் தன் காரோடு என் காரையும் வழித்துச் சுத்தம் செய்துவிடுவார். இந்த டுலூத் ஊர்க் குளிரில் அது சின்ன உதவி இல்லை. அவர்மேல் எனக்குக் கோபம் கிடையாது, மேடம். அதை முதலில் உங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் என் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் இருக்கிறார். ஸ்பீக்கரில் அக்கார்டியன் இசை போடுவார். போல்கா என்ற துள்ளல் நடன இசை. என் மனைவி சிக்னே இருந்தவரை அது தொந்தரவாகத் தோன்றவில்லை. சமையலறையில் அதற்கு இடுப்பை ஆட்டுவாள். அவள் இறந்தபின் என்னிடம் மிஞ்சியது ஃபோனில் ஒரு குரல் பதிவு. "பால் வாங்கிட்டு வந்துரு, மறந்துடாத." அவ்வளவுதான். ஃபோனை வைப்பதற்கு முன் ஒரு மூச்சு விடுகிறாள். அந்த மூச்சைக் கேட்க அமைதி வேண்டும்.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். நீங்கள் வெளியூரா? இங்கே பக்கத்து வீட்டுக்காரரிடம் சத்தத்தைக் குறையுங்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை. மனம் புண்படும்.

நான் ஹெட்ஃபோன் தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளன். இவ்வளவு மின்சாரத்துக்கு இவ்வளவு சத்தம் என்று அளப்பது என் வேலை. ஒரு ஹெட்ஃபோனை எடுத்துப்போய் அவருக்குப் பரிசாகக் கொடுத்தேன்.

"காதுல வெண்ணெய் தடவுன மாதிரி இருக்கு தம்பி" என்றார். "ஆனா இதெல்லாம் காதைக் கெடுக்கும்னு சொல்றாங்களே?"

"ஃபோன்ல சத்த அளவு காட்டுற பச்சைக் கோடு தெரியுதா? சத்தம் அதுக்குக் கீழ இருக்கிற வரைக்கும் பயமே இல்ல."

போல்கா நின்றது. அவர் பாட ஆரம்பித்தார். காதை அடைத்துக்கொண்டு பாடுகிறவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. யோசித்தேன். இசை காதில் விழுந்தால்தானே பாடுவார்.

காதுப் பஞ்சு மாற்றித் தருகிறேன் என்று அவ்வப்போது அதை வாங்கிவருவேன். உள்ளே மின்சாரத்தை மட்டுப்படுத்தும் மின்தடை, அதாவது ரெசிஸ்டர், ஒன்று உண்டு. அதைக் கொஞ்சம் குறைத்தால் அதே மின்சாரத்துக்குச் சத்தம் மூன்று டெசிபல் கூடும். மூன்று என்பது சின்ன எண்தான். காது தாங்கும் நேரம் பாதியாகிவிடும். ஃபோனுக்கு இது தெரியாது. அது பழைய கணக்கிலேயே பச்சை காட்டும். அவர் காது எவ்வளவு மரத்ததோ அவ்வளவு மட்டும் ஏற்றினேன். அவருக்கு எந்த வித்தியாசமும் தெரியக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

வசந்தத்தில் ஒருநாள் கீழே வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"தம்பி, பொண்ணு ஃபோன் பண்றா, ஒண்ணும் விளங்கல. பேத்தி பேசுறாளாம், சும்மா வாய் அசையுற மாதிரி இருக்கு. இந்த மெஷின்ல ஏதாவது கோளாறா?"

"பச்சைதானே காட்டுது?"

"என்னது?"

எழுதிக் காட்டினேன். "பச்சைதான்" என்றார். நிம்மதியாகப் போனார்.

அவர் காதைப் போக்கியது நான்தான். தவறிப்போய் அல்ல, அளந்து செய்தேன். பாட்டு நின்றது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு டிவியை உச்சத்தில் வைத்தார். மகளிடம் ஃபோனில் கத்தினார். கட்டடமே அதிர்ந்தது. யாரும் குறை சொல்லவில்லை. கீழ்த்தளத்து அம்மா அவருக்கு ஒரு கேக் செய்து கொடுத்தார், அவ்வளவுதான். காது டாக்டர் அந்த ஹெட்ஃபோனை அளந்து பார்க்காமல் இருந்திருந்தால் நீங்களும் வந்திருக்க மாட்டீர்கள்.

இப்போது அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். மேல்மாடி காலி. அமைதி கிடைத்துவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், மேடம். சிக்னேயின் பதிவு தேய்கிறது. முன்பு பாதி சத்தத்தில் வைத்தாலே மூச்சு கேட்டது. பிறகு முழுதாக வைத்தேன். பிறகு என் ஹெட்ஃபோனிலும் மின்தடையை எடுத்துவிட்டேன். மூச்சு போய்விட்டது. போன வாரம் 'பால்' என்ற சொல்லும் போனது. ஃபோன் நிறுவனத்துக்குப் புகார் எழுதியிருக்கிறேன்; அவர்கள் பதிவுகளைச் சரியாகப் பாதுகாப்பதில்லை.