இடம் மாறிய இரண்டு வரிகள்

கணினித் திரையை ஈரத்துணியால் துடைக்க நான் யாரையும் விட்டதில்லை. உலர்ந்த பருத்தித் துணி, அதுவும் மேலிருந்து கீழாக. இன்ஸ்பெக்டர், உங்கள் திரையில் விரல் ரேகை அப்பிக் கிடக்கிறது. பிறகு சொல்லித்தருகிறேன்.

எங்கள் குடும்பப் பெயரில் நடக்கும் ஸ்கேன் மையத்தில் கணினி வேலை முழுக்க என்னுடையது. படங்களைப் படித்து அறிக்கை தருகிறவர்கள் என் மகனும் டாக்டரம்மாவும். இருவரும் வீட்டிலிருந்தே மையத்துக் கணினிக்குள் நுழைந்து வேலை பார்ப்பார்கள். டாக்டரம்மா மகனோடு படித்தவள்; அதனால் என்னையும் அப்பா என்றே கூப்பிடுவாள். நானும் தடுக்கவில்லை.

அறிக்கை மையத்தின் பெயரில்தான் வெளியே போகும். படித்தது யார், எவ்வளவு நேரம் படித்தார் என்பதெல்லாம் அவரவர் புரொஃபைலுக்குள் பதிவாகியிருக்கும். புரொஃபைல் என்பதை, இழுப்பறையோடு கூடிய ஒருவரது மேசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய டொமைனை மூடிவிட்டு எல்லாரையும் புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது. உள்ளே வருகிறவர் யாரென்று பார்த்து விடுகிற வாசலே மாறுகிறது. பழைய மேசைகளைப் புதிய பெயர்களோடு இணைக்க வேண்டும். அதற்கு ஒரு பட்டியல். இடப்பக்கம் பழைய பெயர், வலப்பக்கம் புதிய பெயர். இணைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பது என் வழக்கம்.

மகனுடையதைத் திறந்தேன். நூற்றுப் பதினேழு அறிக்கைகளில் அவன் படத்தையே திறக்கவில்லை. 'குறை ஏதுமில்லை' என்று கையொப்பமிட்டிருந்தான். ஒவ்வொன்றுக்கும் பதினோரு விநாடி.

அவற்றில் ஒன்று, இருமலுக்காக வந்த ஒரு பள்ளி ஆசிரியையுடையது. நுரையீரலில் கட்டி இருந்திருக்கிறது. அவர் இறந்துபோய், கணவர் புகார் கொடுத்திருந்த வாரம் அது. வருத்தம்தான்.

மகனிடம் கேட்டேன். "அசதிப்பா" என்றான். எங்கள் வாசற்படியில் என் அப்பா காலத்திலிருந்து போலீஸ் கால் வைத்ததில்லை. நான் அவனைத் திட்டவில்லை. பட்டியலில் இரண்டு வரிகளை மாற்றினேன். அவன் மேசை டாக்டரம்மாவுக்கு, அவள் மேசை அவனுக்கு.

மறுநாள் காலை டாக்டரம்மா போன் செய்தாள்.

"அப்பா, உங்க பேத்தி என் திரையில உக்காந்து பல்லைக் காட்டுறா. முன்னாடி ரெண்டு பல்லைக் காணோமே, எலி கொண்டுபோயிடுச்சா?"

"இடம் மாத்தும்போது இப்படி ஆகும்மா. எடுத்துடறேன்."

"இருக்கட்டும்ப்பா. வேலை பாக்கவே தெம்பா இருக்கு."

மகன் தன் திரையில் வைத்திருந்த அவன் மகளின் படத்தை எடுத்துவிட்டேன். அந்த ஒன்றைத்தான் மறந்திருந்தேன். வயதாகிறது.

விசாரணைக் குழு வந்தபோது நூற்றுப் பதினேழும் அவள் பெயரில் இருந்தன. அவள் அழவில்லை, அதை மெச்ச வேண்டும். "புதுசுக்கு மாத்தின முதல் நாள் என் திரையில அப்பாவோட பேத்தி படம் இருந்துச்சு. முன்பல் ரெண்டும் இல்லாத குழந்தை. அப்பாவைக் கேளுங்க, அவர் பொய் சொல்ல மாட்டார்" என்றாள். கேட்டார்கள். அப்படி ஒரு படம் இல்லை என்றேன். பிறகு வேறொன்று சொன்னாள்: "என்னை என்ன வேணா செய்யுங்க. மத்த நூத்துப் பதினாறு பேரையும் திரும்பக் கூப்பிட்டுப் பாருங்க."

அந்த வேலையை மையத்திடமே விட்டார்கள். நான் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் வீட்டுக்கு வீடு எங்கள் பெயர் அடிபட்டிருக்கும். அவர்களில் நால்வர் இறந்துவிட்டதாக நீங்கள் சொல்லித்தான் தெரியும். டாக்டரம்மாவின் உரிமம் போனது. சிறைக்கும் போனாள் என்று கேள்விப்பட்டேன்.

உங்கள் மேசையில் இருக்கும் பழைய வட்டு நீங்கள் என் அலமாரியிலிருந்து எடுத்ததுதான்; மாற்றுவதற்கு முந்தைய பட்டியலும் மாற்றிய பட்டியலும் அதில் அப்படியே இருக்கின்றன. உடைத்திருக்கலாம். நான் ஒழுங்காகச் செய்து வைத்த வேலை, மனம் வரவில்லை.

நான் உண்மையை மறைக்கிறவன் இல்லை. அதனால் இப்படி எழுதிக்கொள்ளுங்கள்: மகனுடைய இடத்தில் உட்கார்ந்து அந்த நூற்றுப் பதினேழு கையொப்பங்களையும் போட்டது நான். ஒரு வரியை மாற்றினால் போதும்.

அவனை இங்கே வரவழைக்க வேண்டாம். இன்று காலை அவன் படிக்க வேண்டிய படங்கள் நாற்பது இருக்கின்றன.