கடைசிக் கேன்

கிட்ட வந்து உட்காருங்கள், செல்லங்களா. ஒரு கேன் எண்ணெயின் கதை சொல்கிறேன். பெரிய விஷயம் ஒன்றுமில்லை.

மரம் வெட்டும் கூப்பில் ஸ்டோர் சாவி என்னிடம்தான். ரம்பச் சங்கிலிக்கு விடும் எண்ணெய் திரும்பி வராது. சங்கிலி சுற்றச் சுற்ற மண்ணில் தெறித்து, மழையோடு ஓடைக்குப் போகும். அதனால் மண்ணில் மக்கிவிடும் தாவர எண்ணெய்தான் விட வேண்டும் என்று உத்தரவு.

ரம்பத்தை நாலு நாள் சும்மா வைத்தால் அந்த எண்ணெய் பிசினாக இறுகும். அப்படி இறுகிய சங்கிலி அறுந்து, ரம்பம் பிடிக்கும் என் தம்பியின் கன்னத்தைக் கிழித்தது.

"இந்தக் கஷாயத்தையே ஊத்திக்கிட்டிருந்தா, அடுத்த தடவை என் தலையைத்தான் பொறுக்குவ அக்கா," என்றான்.

மறுநாளே லாரிக் கொட்டகையிலிருந்து கழிவு என்ஜின் எண்ணெயை வாங்கி, பழைய புடவையில் வடிகட்டி கேன்களை நிரப்பினேன். மேலாளர் பார்த்தார், பார்க்காத மாதிரி போனார். அதன்பின் நல்ல எண்ணெய் வாங்கவே இல்லை. மீந்த ஒரே கேனைப் பூட்டி வைத்தேன். சோதனைக்கு வருகிறவருக்கு அதிலிருந்து ஒரு கரண்டி.

அந்தக் கேன் என்னைக் கட்டிப்போட்டது. லீவு போட முடியாது, சாவியை வேறு கையில் கொடுக்க முடியாது. அக்கா மகள் கல்யாணத்துக்குக்கூடப் போகவில்லை. ஓய்வு பெறச் சொன்னபோது கெஞ்சி இருந்துகொண்டேன். ஒன்பது வருடம்.

ஓடையில் எண்ணெய்ப் படலம் மிதந்தபோது மேலாளர் என் முகத்தைப் பார்த்து, "யார் வேலை?" என்றார். கூப்பு டிரைவர் ஒருவன் அங்கே லாரி கழுவினான் என்றேன். உண்மைதான், ஒரே ஒரு தடவை கழுவினான். அவனை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள்.

அவன் மனைவி ஒருநாள் குடத்தோடு வந்து நின்றாள்.

"பாப்பாவுக்கு வயித்தால போறது நிக்கவே மாட்டேங்குது பெரியம்மா. ஓடைத் தண்ணியில ஏதோ வாடை."

"கொதிக்க வெச்சுக் குடும்மா," என்றேன். எல்லோரும் சொல்வதுதானே. பாப்பாவை அடக்கம் செய்த அன்று முதல் ஆளாகப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டது நான்தான்.

இன்று சோதனைக்காரர் வந்தார். கேனைக் கவிழ்த்தேன், சொட்டு விழவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?"

மேல் ஊற்றுத் தண்ணீர்தான். கூப்பையும் தாண்டி, நல்ல ஏற்றம். ஒன்பது வருடமாக முட்டிவலியோடு தினம் இரண்டு குடம், தம்பி வீட்டுக்கும் சேர்த்து. மற்றபடி, யாருக்கும் கெடுதல் வரும் என்று எனக்குத் தெரியவே தெரியாது, செல்லங்களா.

உங்கள் வீட்டுக் குடத்தில் என்றைக்கும் தெளிந்த தண்ணீர் நிறைந்திருக்கட்டும்.