புகழ்ந்ததால் வந்த விசாரணை

மரக்காணத்திலிருந்து திண்டிவனம் செல்லும் பேருந்தில், எனக்கு முன்னிருக்கையில் இரண்டு செவிலியர்கள் அமர்ந்திருந்தனர். உப்பளங்களைக் கடக்கையில் இளையவள் சொன்னாள்:

"அந்தண்ணன் என்னைத் திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்க்கா. புகழ்ந்தே என் வேலைக்கு உலை வெச்சிட்டாரு."

"குளவி கொட்டி, மூச்சுத் திணறி வந்தாரே, அவரா?"

"அவருதான். டாக்டர் போனை எடுக்கல. அவர் உத்தரவு இல்லாமலே நான் ஊசி போட்டேன். இப்ப உப்பளம் பூரா, 'டாக்டரே இல்ல, அந்தப் பொண்ணுதான் காப்பாத்துச்சு'ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. அதான் இன்னிக்கு விசாரணை."

மருத்துவருக்காகக் காத்திருந்து மனைவியை இழந்தவன் நான். கூர்ந்து கேட்டேன்.

"டாக்டர் போன்ல ஊசி போடச் சொன்னாருன்னு சொல்லிடேன்டி. இல்லன்னா உன் நர்ஸ் ரெஜிஸ்ட்ரேஷனே போயிடும்."

"எப்படிக்கா சொல்றது? எனக்காகப் பேசணும்னு அவரே கூட வர்றாரு. அதோ, படிக்கிட்ட நிக்கிறாரே, வெள்ளைச் சட்டை."

அவள் கை நீட்டியதைக் கண்டு அந்த மனிதர் மகிழ்ச்சியுடன் அருகில் வந்தார்.

"ஏம்மா, டாக்டர் இல்லவே இல்லன்னு நல்லா அழுத்திச் சொல்லிடட்டுமா?"

மூத்தவள் தலையில் கைவைத்துக்கொண்டாள். இளையவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"சொல்லுங்கண்ணே. ஆனா, உங்க மூச்சு அடங்கிக்கிட்டு இருந்துச்சுன்னு அதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க."