தறிச் சத்தத்தில் வளர்ந்த குரல்

விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் காந்திமதியம்மாள் அவர்களே, முன்வரிசையில் முல்லையாய் மலர்ந்திருக்கும் தாய்மார்களே, பின்வரிசையில் சுண்டலுக்காகப் பொறுத்திருக்கும் பெரியோர்களே, சங்கரன்கோவிலே பெயர்ந்து வந்ததுபோல் திரண்டிருக்கும் பல்லாயிரம் மக்களே, சிவராமலிங்கத்தின் சிரம் தாழ்ந்த வணக்கம்.

நாற்காலியே இருநூறுதான் என்கிறார் ஒருவர். இருக்கட்டும் அண்ணாச்சி, என் கண்ணுக்குப் பல்லாயிரம்.

ஒரு பெண்ணுக்குப் பேசக் கற்றுக்கொடுப்பது யார்? பள்ளிக்கூடமா? பாடப்புத்தகமா? எட்டாம் வகுப்பை இரண்டு முறை கண்டவன் சொல்கிறேன்: அவளோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்தவள்தான்.

என் தங்கை வீட்டில் விசைத்தறி நான்கு. வெளியூரில் நாற்பது என்பேன். ஓயாத மழைபோல் அந்தச் சத்தம். அந்த மழைக்குள்ளே அவள் பெற்ற என் மருமகள்கள், மூத்தவள் சுபலட்சுமியும் இளையவள் மீனலோசினியும், உதடு மட்டும் அசைத்துப் பேசி வளர்ந்தார்கள். பசிக்கு ஓர் அசைவு, பயத்துக்கு ஓர் அசைவு; நீருக்கடியில் இரண்டு மீன்கள் கனவைப் பகிர்ந்துகொள்வதுபோல. எதிரே நிற்பவர் முகம் பார்த்தே மனம் அறிவாள் மீனலோசினி. அது அந்த வீடு தந்த வரம்.

வரத்துக்குள் ஒரு வினையும் இருந்தது. போன ஆண்டு இதே மேடையில் வரவேற்புரைக்கு நின்றாள். எதிரே அக்காள். பார்த்ததும் பழக்கம் வந்துவிட்டது. உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நான் ஒலிபெருக்கிக்காரரைப் பிடித்துக்கொண்டேன்.

"பாதுஷா, மைக்க ஒழுங்கா வைக்க மாட்டீரா வே?"

"மைக்கு நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. உங்க மருமவதான் சத்தத்த வீட்லயே வச்சிட்டு வந்துட்டா."

கூட்டம் சிரித்தது. அவள் கண் நிறைந்து இறங்கினாள். "இனி மேடைப் பக்கமே வரமாட்டேன் மாமா."

ஓராண்டு நான் பொழிந்த அறிவுரையில் கடனாநதி அணை நிரம்பியிருக்கும். அவள் மனம் நனையவில்லை. அக்காள் என்ன செய்தாள் தெரியுமா? தறி ஓடும்போதே மறுகோடியில் போய், முதுகைக் காட்டி நின்றாள்.

"ஒன் ஒதட்ட நான் பாக்க மாட்டேன் ஏட்டி. எனக்குக் கேக்க வையி."

முதல் நாள் கேட்கவில்லை. முப்பதாம் நாள் கேட்கவில்லை. மழையைக் கிழிக்கும் குயில்போல் ஒருநாள், "அக்கா" என்றது ஒரு குரல். அன்றுதான் சுபலட்சுமி திரும்பினாள்.

அவர்களை வளர்த்ததில் முக்கால் பங்கு நான் என்று ஊரெல்லாம் சொன்னேன். இந்தக் குரலில் எனக்குப் பங்கில்லை.

அதோ, கடைசி வரிசைக்குப் பின்னால் மேடைக்கு முதுகு காட்டி நிற்கிறாளே ஒருத்தி, மரியாதை தெரியாதவள் என்று எண்ணிவிடாதீர்கள். காத்திருக்கிறாள்.

மீனலோசினி, வா மக்கா. அவளைத் திரும்ப வை. பாதுஷா, சத்தத்தைக் கூட்ட வேண்டாம்.

இதுவரை என்னைப் பொறுத்துக்கொண்ட காதுகளுக்கு நன்றி. இனி கேட்கப்போகும் குரலுக்கு வணக்கம்.