கடித்தது நான்தான்

அச்சகத்தில் எல்லோரும் என்னை மரங்கொத்தி என்று அழைப்பார்கள். வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டதால் அப்பெயரிலேயே விசாரிக்கப்பட்டேன். வயது முப்பத்து நான்கு. அச்சகத்தின் பின்புறமுள்ள மாடி வீட்டில் அண்ணன், அண்ணியுடன் வசிக்கிறேன். பிறவியிலேயே என் இரு கைகளும் மடங்கியவை, விரல்கள் வேலை செய்யாது. ஒரு குச்சியை முன்பற்களால் கடித்துக்கொண்டு, அதன் நுனியால் கணினியில் எழுத்துகளைத் தட்டி, விளம்பரத் தாள்களும் புத்தகங்களும் தட்டச்சு செய்வது என் தொழில். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் பல்லால் பிழைக்கிறேன். என்னை விசாரித்த ஏட்டம்மாவின் அனுமதியுடன் இந்த வாக்குமூலத்தையும் காவல் நிலையத்துக் கணினியில் நானே தட்டச்சு செய்கிறேன்.

சில வாரங்களாக என் மேல்வரிசை முன்பல் ஒன்று வலித்து வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தேன் என்று எழுத வழியில்லை, வலியே அங்குதான். நான் பற்களைப் பேணாதவள் என்று பல் மருத்துவமனை கொடுத்த புகாரில் உள்ளது பொய். வாஷ்பேசின் விளிம்பில் அண்ணன் ஓர் இடுக்கியைப் பொருத்தி, அதில் பிரஷை மாட்டியிருக்கிறார். நான் தலையை ஆட்டித் தேய்த்துக்கொள்வேன். எட்டாத கடைவாய்ப் பற்களை அண்ணி, "ஆ காட்டுடி முதலை" என்று திட்டிக்கொண்டே தேய்த்துவிடுவார்.

இன்று காலை அண்ணியுடன் பல் மருத்துவமனைக்குச் சென்றேன். நாற்காலியில் சாய்ந்ததும் என் குச்சியை வாங்கி அண்ணியின் பையில் வைத்துவிட்டார்கள். அதன் பின் மருத்துவர் வந்தார். என்னைவிட வயதில் சிறியவர். வலிப்பது எனக்கு, கேள்விகள் எல்லாம் அண்ணிக்கு. "இவங்க இனிப்பு நிறைய சாப்பிடுவாங்களா மேடம்?" என்று கேட்டார். நான் சாப்பிடுவதில்லை என்று நான் பதில் சொன்னேன். அவர் அண்ணியைப் பார்த்தே தலையசைத்தார்.

அதன் பின் என் வாயில் பஞ்சை அடைத்து, எச்சிலை உறிஞ்சும் குழாயை மாட்டி, தட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடி நாலும் ஆடுது மேடம். எடுத்துடலாம். உங்களுக்கும் தேய்ச்சுவிடற வேலை மிச்சம். இவங்க என்ன, மேடை ஏறிப் பேசவா போறாங்க?" என்றார். அண்ணி, "ஐயோ டாக்டர், அவ பல்லாலதான்..." என்று ஆரம்பித்தார். மருத்துவர் அதற்குள் மரத்துப்போகச் செய்யும் ஊசியை எடுத்துவிட்டார்.

பல் போனால் குச்சியைப் பிடிக்க முடியாது. குச்சி இல்லையென்றால் வேலை இல்லை. அதன் பின் நான் ஜன்னலோரம் உட்காரவைக்கப்படும் ஒரு ஆள். எனக்குப் பயமாக இருந்தது, பயத்தைவிடக் கோபம் அதிகமாக இருந்தது. பஞ்சோடு கத்தினேன். தலையை ஆட்டினேன். "ஆடாம இருங்க" என்று சொல்லி, கன்னத்தை விலக்க ஒரு விரலை உள்ளே விட்டார். அந்த விரலைக் கடித்தேன். கடைவாய்ப் பற்களால்தான் கடித்தேன். முன்பற்களை இந்த வேலைக்குப் பயன்படுத்தவில்லை, அவை எனக்கு வேண்டும்.

மருத்துவர் அலறினார். அண்ணி, "அடிப்பாவி, விடுடி!" என்று என் தோளில் ஒன்று வைத்தார். விட்டேன். விரலில் ரத்தம் வந்தது உண்மை. அதன் பின் மருத்துவமனை மேலாளர் புகார் கொடுக்க, இங்கே அழைத்துவரப்பட்டேன்.

அண்ணி என் காதில், "பயத்துல தாடை தானா இறுகிடுச்சுன்னு சொல்லிடு, விட்டுடுவாங்க" என்றார். ஏட்டம்மாவும், "தெரியாம நடந்துடுச்சுன்னு போட்டுக்கலாமேம்மா" என்றார். இருவரும் என் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் தாடை தானாக இறுகவில்லை. வேண்டாம் என்று சொல்ல எனக்கு அப்போது வேறு வழி இல்லை.

இந்த இடம் வரை தட்டச்சு செய்தபோது மருத்துவர் விரலில் கட்டுடன் நிலையத்துக்கு வந்தார். என் பின்னால் நின்று திரையைப் படித்தார். அதன் பின் என் முன்னால் வந்து உட்கார்ந்து, "இதை ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் கடிச்சிருப்பீங்க?" என்று கேட்டார். என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி அது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரை என்றேன். குச்சியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"பாரம் முழுக்க இந்த நாலு பல்லுலதான் விழுது. எடுக்க வேண்டாம். வலிக்கிற பல்லுக்கு வேர் சிகிச்சை பண்ணி, நாலையும் சேர்த்து மெல்லிய கம்பியால கட்டிடலாம். உங்க வாய்க்கு அச்செடுத்து, கடைவாய் வரைக்கும் கடிக்கிற மாதிரி குச்சிக்கு ஒரு பிடி செய்யலாம். நீங்க சரின்னா," என்றார்.

"மறுபடி விரலை விட பயமா இல்லையா?" என்றேன்.

"இந்தத் தடவை கேட்டுட்டு விடறேன்," என்றார். சரி என்றேன். அண்ணி, "அந்த முதலைக்கு நான் ஜாமீன்" என்றார்.

மருத்துவர் மேலாளரிடம் போனில் பேசி, புகாரைத் திரும்பப் பெறவைத்தார். வாக்குமூலம் இனி தேவையில்லை என்று ஏட்டம்மா கூறினார். தொடங்கியதை முடித்துத் தருகிறேன் என்று கேட்டுக்கொண்டேன்.

மேலே உள்ளதில் யாரும் சொல்லித் தந்த வரி ஒன்றுகூட இல்லை, அத்தனையும் உண்மை. படித்துப் பார்த்து, பேனாவைப் பற்களில் பிடித்து நானே ஒப்பமிடுகிறேன். தாளின் ஓரத்தில் உள்ள ஈரம் என் எச்சில். ஏட்டம்மா கைரேகை போதும் என்று மைப்பெட்டியைத் திறந்தார், மூடிவிடச் சொன்னேன்.

(ஒப்பம்) மரங்கொத்தி